மூக்காண்டி யார் மகன்?

ஆற்றங்கரை மருதமரத்தடியில் ஒரு கூண்டு வண்டி நின்றது. மாடு கிடையாது. நுகத்தடியைக் கல்லில் ஏற்றி, உள்ளே வைக்கோல் பரப்பி, அதில் ஒரு சாமி குடியிருந்தார். ஊரார் வண்டிச்சாமி என்பார்கள்.

"மாடில்லாத வண்டியில உக்காந்துக்கிட்டு எங்க போகப் போறீரு?" என்று குளிக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"போய்ச் சேந்தாச்சு வே. வண்டிக்குத்தான் இன்னும் தெரியலை" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். சீடர் என்றதும் பொடிப்பயல் என்று நினைத்துவிடாதீர்கள். சாமியைவிடப் பத்து வயசு மூத்தவர். வாழையும் நெல்லும் போடுகிற சம்சாரி. பேர் சொரிமுத்து. ஆனால் சொரிமுத்து வீடு எது என்று கேட்டால் ஊரில் பாதிப்பேர் முழிப்பார்கள். பூச்சியண்ணாச்சி வீடு என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும். சாமியும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

காலையில் வருவார். வண்டியடியைப் பெருக்குவார். ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைப்பார். மனசில் இருக்கிறதைக் கேட்பார். சாமி பதில் சொன்னாலும் சொல்வார், பேசாமல் இருந்தாலும் இருப்பார்.

அந்த ஆவணியில் ஒருநாள் பூச்சியண்ணாச்சி பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, தரை தேஞ்சிரும்" என்றார் சாமி.

பூச்சியண்ணாச்சி வாரியலைக் கீழே போட்டார். தம் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"சாமி, இது யாரு கை?"

"உம்ம தோள்லதான் ஒட்டியிருக்கு."

"விளையாடாதீரும் சாமி. எனக்கு உறக்கம் போச்சு."

நடந்தது இதுதான்.

பூச்சியண்ணாச்சிக்குப் பேரன் பிறந்திருந்தான். பம்பாயில் மில் வேலை பார்க்கிற மகன் நல்லமாடன், பிள்ளைக்குப் பேர் விடுகிறதுக்காக லீவு போட்டு வந்திருந்தான். வந்தவன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, நம்ம குடும்பப் பேரு என்ன?"

"நமக்கென்னல குடும்பப் பேரு? தகப்பன் பேருல முதல் எழுத்து. முடிஞ்சுது."

"அங்க எல்லாத்துக்கும் பேருக்குப் பின்னால இன்னொரு பேரு இருக்கு. எனக்கு இல்லைன்னதும் ஆபீஸ்ல சிரிக்கான். 'பின்னால ஆளில்லாத பயலா நீ'ங்கான். பிள்ளைக்காவது ஒண்ணு போட்டிருவோம். பழைய பத்திரத்துல ஏதாவது கிடக்கும், பாருங்களேன்."

மகன் கேட்டதில் ஒரு வருத்தம் இருந்தது. பூச்சியண்ணாச்சி பரணில் கிடந்த மரப்பெட்டியை இறக்கினார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனாலும் வாசித்தார்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் பேருக்குப் பஞ்சம். மகனுக்குத் தாத்தா பேர், அவன் மகனுக்கு அவன் தாத்தா பேர் என்று ரெண்டே பேர்தான் மாறி மாறி வரும். இவர் சொரிமுத்து. இவர் அப்பா நல்லமாடன். தாத்தா சொரிமுத்து. அவருக்கு அப்பா நல்லமாடன். ஏணியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினார். அடுத்த படியில் சொரிமுத்து நிற்க வேண்டும். தாத்தாவுக்குத் தாத்தா.

நின்றார். ஆற்றுப்பாய்ச்சல் வயல் நல்லமாடன் மகன் சொரிமுத்து பேரில் இருந்தது. பெண்சாதி வெள்ளையம்மாள் என்றும் எழுதியிருந்தது.

அதற்குப் பிந்தின பத்திரத்தை எடுத்தார். அதே வயல். நாலு பக்கத்து எல்லையும் அதே எல்லை. பெண்சாதியும் அதே வெள்ளையம்மாள். புருஷன் பேர் மட்டும் மூக்காண்டி. அந்த மூக்காண்டிக்குத் தகப்பன் பேரே எழுதவில்லை. அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

கோயிலில் போய், கொடைத் திருவிழாவுக்கு வரி எழுதின பழைய காகிதத்தையும் பார்த்தார். அங்கேயும் அப்படியே. சொரிமுத்து வரி கொடுத்துக்கொண்டே வருகிறார். பிறகு சொரிமுத்து இல்லை. மூக்காண்டி கொடுக்கிறான்.

சொரிமுத்து எங்கே போனார்? மூக்காண்டி எங்கிருந்து வந்தான்?

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த வயலில் ஒரு மூடின கிணறு இருக்கிறது. இவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து மூடித்தான் கிடக்கிறது. மேலே ஆமணக்கு முளைத்து, வயலில் வேறெங்கும் இல்லாத கறுப்புப் பச்சையில் நிற்கும். பக்கத்தில் ஒரு மண்பீடம். கொடைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாலை போட்டு, ஒரு தேங்காய் உடைப்பார்கள். எந்தச் சாமி என்று கேட்டால் கெணத்தடியான் என்பார்கள். அதுக்கு மேல் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அநியாயமாகச் செத்தவனைச் சும்மா விடமாட்டார்கள். பீடம் போடுவார்கள். அவன் பேரைப் பிள்ளைக்கு விடுவார்கள். கொன்ற வீடே முன்னால் நின்று கும்பிடும். பக்தியில் இல்லை, பயத்தில்.

பக்கத்து ஊரில் சித்தப்பா முறைக்கு ஒரு கிழவர் இருந்தார். அவரிடம் போய்க் கேட்டார்.

"அந்தக் கெணத்தை ஏன் மூடினாங்கன்னு நானும் உங்கப்பன்கிட்டக் கேட்டேன் பூச்சி" என்றார் கிழவர். "மூடினது மூடினதாக் கிடக்கட்டும்னுட்டான். பேச்சை மாத்திட்டான்."

திரும்பி வருகிற வழியெல்லாம் பூச்சியண்ணாச்சிக்கு முதுகில் யாரோ பார்க்கிற மாதிரியே இருந்தது.

எல்லாம் சேர்ந்து ஒரு கதையாகிவிட்டது. எங்கிருந்தோ வந்த மூக்காண்டி, சொரிமுத்துவைக் கொன்று கிணற்றில் போட்டு மூடிவிட்டான். வயலையும் வெள்ளையம்மாளையும் எடுத்துக்கொண்டான். செத்தவன் வந்து மிரட்டியிருப்பான். அதனால் பீடம். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறைக்குச் சொரிமுத்து என்ற பேர்.

"அப்படின்னா சாமி, எம் பேரு செத்தவன் பேரு. எங் கை கொன்னவன் கை" என்றார் பூச்சியண்ணாச்சி. "இப்ப அதே பேரை அந்தப் பச்சைப்பிள்ளைக்கு விடச் சொல்லுதாங்க. நான்தான் தூக்கி மடியில வச்சு, காதுல சொல்லணுமாம்."

"சொல்லும்."

"தொடப் பயமா இருக்கு சாமி. நேத்து வாழைத்தார் வெட்டினேன். அருவா கையில கச்சிதமாப் பொருந்துது. இத்தனை வருசம் அது எனக்கு உறைக்கலை. நேத்து உறைச்சுது. அருவாளைக் கொண்டுபோய்ப் பரண்ல போட்டுட்டேன்."

சாமி அந்தக் கையைப் பார்த்தார்.

"பிள்ளை என்னைப் பாத்தா வீறிட்டு அழுது. இருமல், சளி ஒட்டிரும்னு சாக்குச் சொல்லித் தூக்காம இருக்கேன். மருமக முகம் வாடிப்போச்சு. 'மாமாவுக்கு எம் பிள்ளையைப் பிடிக்கலை'ன்னு அடுப்படியில நின்னு அழுதிருக்கா. பேர் விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிருவாளாம். நான் என்னன்னு சொல்ல?"

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"மூக்காண்டி கொலைகாரனா சாமி? அதை மட்டும் சொல்லும்."

"பேர் விடுறது என்னைக்கு?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"பாயசம்?"

"என்ன சாமி இது? பாயசமும் உண்டு."

"அப்ப வாரேன்" என்றார் சாமி.

வெள்ளிக்கிழமை சாமி ஊருக்குள் நடந்து வந்தார். "வண்டி மேல கோவமா சாமி?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். "வண்டிக்கும் லீவு விடணும்லா?" என்றபடியே வந்தார்.

வீட்டில் உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தது. குத்துவிளக்கு எரிந்தது. கிண்ணத்தில் சீனித்தண்ணி. நாலாக மடித்த ஜமுக்காளத்தில் மருமகள் கோமு பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பூச்சியண்ணாச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவர் பெண்சாதி ஆவுடை பார்த்துவிட்டாள்.

"விருந்தாளியெல்லாம் உள்ள வந்தாச்சு. வீட்டுக்காரரு வெளிய நிக்காரு" என்றாள். "இந்தாரும், செருப்புக்குமா பேர் விடப்போறோம்?"

சிரித்தார்கள். பூச்சியண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அடி உள்ளே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாமி கோமுவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பிள்ளையை என்னன்னு கூப்பிடுத தாயி?"

"இன்னும் பேரே விடலையே சாமி."

"விட்ட பிறகு? கூப்பிடு பாப்போம், தாத்தா பேரைச் சொல்லி."

கோமு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ எப்படிச் சொல்லுவா?" என்றாள் ஆவுடை. "மாமனார் பேரு. நாக்கு வருமா?"

"பின்னே பிள்ளை தெருவுல ஓடினா எப்படிக் கூப்பிடுவா? கை தட்டியா?"

கோமு தலை நிமிராமலே சொன்னாள். "உருண்டைன்னு."

பிள்ளையும் உருண்டையாகத்தான் இருந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

"இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்றார் சாமி. "ஆவுடையக்கா, உம்ம மாமியா இவரை எப்படிக் கூப்பிட்டா?"

"அவளுக்கும் அதே கதைதான். இவருக்கு அவ மாமனார் பேரு. வாயைத் திறப்பாளா? பிறக்கும்போது கையளவு இருந்தாராம், பூச்சி கணக்கா. பூச்சி பூச்சின்னா. ஊரும் அதையே பிடிச்சுக்கிட்டுது. நான் மட்டும் என்ன? எம் மகனுக்கு எங்க மாமா பேரு. ராசுன்னுதான் கூப்பிடுதேன். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னதில்லை."

பூச்சியண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"ஆவுடை, மூக்காண்டின்னு ஒரு பிள்ளையை ஏன் கூப்பிடுவாங்க?"

"இது தெரியாதா உமக்கு? முன்னால பிறந்ததெல்லாம் தங்கலைன்னா, அடுத்த பிள்ளைக்கு மூக்கைக் குத்தி அப்படிக் கூப்பிடுவா தாய்க்காரி. எமன் கண்ணுல படக்கூடாதுன்னு."

அந்தப் பேரைக் கேட்டதும் மகன் ரெண்டு பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான்.

"அப்பா, சொரிமுத்தும் மூக்காண்டியும் ஒரே ஆளா இருக்கும்போல."

"தகப்பன் பேரு எழுதலையேல."

"வெள்ளையம்மா சொல்லி எழுதியிருப்பாங்க" என்றாள் ஆவுடை. "புருசன் பேரும் சொல்ல முடியாது, மாமனார் பேரும் சொல்ல முடியாது. பாவம், அவ என்ன செய்வா? மாமியா கூப்பிட்டதைச் சொல்லிட்டு நின்னிருப்பா."

பூச்சியண்ணாச்சி சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். ஊருக்கே ரெண்டாம் பேரில் வாழ்கிற மனுஷன், தாத்தாவின் தாத்தாவுக்கு ரெண்டு பேர் இருக்கும் என்று நினைக்காமல் போய்விட்டாரே.

"அப்பா, பம்பாயில குடும்பப் பேருன்னு என்ன எழுத?" என்றான் மகன்.

"பூச்சின்னு எழுது. பொருத்தமா இருக்கும்" என்றாள் ஆவுடை.

பூச்சியண்ணாச்சி கிட்டே வந்தார். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றது.

"சாமி, ரெண்டும் ஒரே ஆளுதானே? நிச்சயந்தானே?"

"தெரியாது" என்றார் சாமி.

"இப்பச் சொன்னாங்களே."

"இருக்கலாம்னு சொன்னாங்க. இல்லாமலும் இருக்கலாம்."

வீட்டில் சிரிப்பு அடங்கியது.

"அப்ப அந்தக் கெணறு? அதை ஏன் மூடினாங்க?"

"தெரியாது அண்ணாச்சி."

"பீடம்? கெணத்தடியான் யாரு?"

"தெரியாது."

பூச்சியண்ணாச்சியின் கை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "தெரியாத கையால நான் எப்படிச் சாமி பிள்ளையைத் தூக்க?" என்றார். அவர் குரலைக் கேட்டுக் கோமு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். மாமாவுக்கு வெறுப்பு இல்லை, பயம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கொண்டா தாயி" என்று சாமி கையை நீட்டினார். கோமு கொடுத்தாள்.

சாமி பிள்ளையை ரெண்டு உள்ளங்கையிலும் மல்லாத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோமுவும் கூடவே எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தைச் சாமி காலால் மெல்ல முன்னால் தள்ளினார். அதை யாரும் கவனிக்கவில்லை. பூச்சியண்ணாச்சிக்கு நேராக வந்து நின்றார். கொஞ்சம் குனிந்தார்.

கையை விட்டுவிட்டார்.

கோமு போட்ட சத்தத்தில் தொட்டில் கயிறே ஆடினாற்போல இருந்தது.

ஆனால் பிள்ளை கீழே விழவில்லை. பூச்சியண்ணாச்சி மண்டியிட்டுக் கிடந்தார். முழங்கால் தரையில் மோதிச் சிராய்த்திருந்தது. அவருடைய ஒரு கை பிள்ளையின் தலைக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். பிள்ளை நெஞ்சோடு நெஞ்சாக இருந்தான். அழவில்லை. என்னவோ என்று முழித்துக்கொண்டிருந்தான்.

"சாமின்னு பாக்கேன்" என்றாள் கோமு. பிள்ளைக்கும் சாமிக்கும் குறுக்கே வந்து நின்றாள். "வேற ஆளா இருந்தா நடக்கதே வேற. மனுசன்தானா நீரு? பச்சைப்பிள்ளை."

"ஏசு தாயி, நல்லா ஏசு" என்றார் சாமி. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நீ ஏசினாத்தான் எனக்கு இது நிக்கும்."

ஆவுடை ஓடிவந்து பிள்ளையைத் தடவிப் பார்த்தாள். புருஷன் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் சீனித்தண்ணிக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். பூச்சியண்ணாச்சி மண்டியிட்ட இடத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். காதில் குனிந்து பேரைச் சொன்னார். குரல் வெளியே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார்.

சாப்பாடு முடிந்தது. கோமு சாமிக்கு மட்டும் பாயசத்தை வேண்டாவெறுப்பாக ஊற்றினாள். சாமி இன்னும் ஒரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

வெயில் தாழ, பூச்சியண்ணாச்சி சாமியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விடப் புறப்பட்டார். வழி அந்த வயல் வரப்பு வழிதான். மூடின கிணற்றுப் பக்கம் வந்ததும் அவர் கால் நின்றது. ஆமணக்கு இலை காற்றில்லாமலே அசைகிற மாதிரி தெரிந்தது. பீடத்தில் போன கொடைக்குப் போட்ட மாலை நாராகக் கிடந்தது.

"சாமி, இன்னும் பயம் போகலை."

"ம்."

"இதுக்குள்ள என்ன கிடக்குன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்லா?"

"எனக்கும் தெரியாது."

பூச்சியண்ணாச்சி முழங்கால் சிராய்ப்பைத் தொட்டுப் பார்த்தார். எரிந்தது. அவருக்குத் திடீரென்று கோபம் வந்தது.

"நீரு பாட்டுக்குக் கையை விட்டுட்டீரே. இது யாரு கைன்னே தெரியாம நிக்கேன்னு உம்மகிட்டச் சொல்லியிருக்கேன். அப்பமும் விட்டீரு. எதை நம்பி விட்டீரு சாமி?"

சாமி பீடத்துக்குப் பக்கத்தில் குனிந்து, நாராய்க் கிடந்த மாலையை எடுத்து வயலுக்குள் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார்.

"அதை விடும். நீரு யாருகிட்டக் கேட்டுட்டுப் பிடிச்சீரு, அண்ணாச்சி?"